கேட்டால் சொல்வார்கள்

இந்தியப் பொதுச் சுகாதார வரலாற்றில் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் பலரும் மறந்துவிட்ட ஓர் இடம் உண்டு. சுகாதாரப் பணியாளரின் கண்ணெதிரில் காசநோயாளி மாத்திரை விழுங்க வேண்டும் என்னும் ‘டாட்ஸ்’ முறை, சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தின் துணையோடு 1999இல் இங்கே நடைமுறைக்கு வந்தது. அதன் பலனை ஆண்டுக்கணக்கில் அளந்தும் பார்த்தார்கள். மாத்திரை இலவசம். கொடுக்க ஆள் இருந்தார், விழுங்குவதைப் பார்க்கவும் ஆள் இருந்தார். அப்படியும் சிலர் பாதியில் விட்டுவிட்டார்கள். 2000ஆம் ஆண்டில் பதிவான நோயாளிகளை வைத்து, விட்டவர்கள் யார் யார் என்று ஆராய்ந்த கட்டுரை 2002இல் வெளியானது. ஆண்கள், முன்பே ஒருமுறை சிகிச்சை எடுத்தவர்கள், மாத்திரையை விட்டு விட்டு எடுத்தவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள் ஆகியோர் பாதியில் நின்றுவிடும் வாய்ப்பு அதிகம் என்றது அது. குடிப்பவர்களிடம் அந்த வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. இதெல்லாம் யாரும் ஊகிக்கக்கூடியதுதான். ஊகத்துக்கு எட்டாத இன்னொரு பிரிவும் அந்தப் பட்டியலில் இருந்தது. தாமாக ஆஸ்பத்திரிக்கு வராமல், வீடு வீடாகப் போன கணக்கெடுப்பில் கண்டுபிடிக்கப்பட்டவர்களும் அதிகமாக நின்றுபோயிருந்தார்கள்.

இந்தக் கடைசிப் பிரிவுதான் இன்றைக்கு நம் கவனத்துக்கு உரியது. இருமல் தாங்காமல் தானே பஸ் ஏறி வந்தவர், வருவதற்கு முன்பே தனக்குள் ஏதோ ஒரு முடிவுக்கு வந்துவிட்டவர். வாசலுக்கு வந்து சளி கேட்டு வாங்கிப்போய், ‘உங்களுக்கு நோய் இருக்கிறது’ என்று சொல்லப்பட்டவர் அப்படி எந்த முடிவும் எடுத்தவரல்லர். நோய் நமக்குத் தெரிந்தது, அவருக்கு இன்னும் முழுதாகத் தெரியவில்லை. இந்த வேறுபாட்டை மாத்திரையாலும் கண்காணிப்பாலும் நிரப்ப முடியவில்லை என்பதுதான் திருவள்ளூர் ஆய்வு விட்டுச்சென்ற செய்தி. தமிழகத்தின் இப்போதைய சுகாதாரக் கொள்கையோ தேடிப் போவதையே தன் பெருமையாகக் கொண்டிருக்கிறது. அப்படியானால், தேடிப் போய்க் கண்டுபிடித்தவரிடம் என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்பதையும் மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். அதற்கு உளவியல் சிகிச்சையில் சோதித்துத் தேறிய முறைகள் இருக்கின்றன. மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குள் அடைந்து கிடக்கும் அவற்றை எடுத்து, அதே மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை வாசலில் பிரஷர் பார்க்கும் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும்.

கண்காணிப்பு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அதுவும் சென்னையில் பிறந்த கதை. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், சானடோரியத்தில் படுத்துச் சிகிச்சை பெறுபவரும் ஒண்டுக்குடித்தன வீட்டில் இருந்தபடி மாத்திரை எடுப்பவரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் குணமாகிறார்கள் என்று 1959இல் காட்டியது. உலகெங்கும் சானடோரியங்கள் காலியாக அது ஒரு காரணம். ஆனால் கையில் கொடுத்தனுப்பிய மாத்திரையை வீட்டில் உண்மையிலேயே விழுங்குகிறார்களா என்ற சந்தேகமும் அதே மையத்தில்தான் எழுந்தது. அதை வழிநடத்திய வாலஸ் ஃபாக்ஸ் இதைப் பற்றி விரிவாக எழுதினார். கண்ணெதிரில் விழுங்கவைக்கும் முறை அந்தச் சந்தேகத்துக்குப் பிறந்த பிள்ளை. பிற்காலத்தில் மாத்திரை அட்டைக்குள் ஒளிந்திருக்கும் எண்ணுக்கு நோயாளி மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்ற அளவுக்கு அது நவீனமானது. கருவி மாறினாலும் கேள்வி மாறவில்லை: விழுங்கினாரா, இல்லையா? ஏன் விழுங்கவில்லை என்று கேட்பதற்கு அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. ஆறு மாதத்தில் முடியும் சிகிச்சைக்கே இது போதவில்லை என்றால், ஆயுள் முழுக்க எடுக்க வேண்டிய சுகர் மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் எந்தக் காவலர் கூடவே வருவார்?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையும் தருகிறார்கள். 2024இல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்று அது ஆலைகளுக்கும் நீண்டது. அதே ஆண்டு ஐ.நா. விருதும் கிடைத்தது. இத்திட்டத்தைக் குறைத்துப் பேச முடியாது, எண்கள் அதற்கு இடம்தரவில்லை. 2020இல் மாநில அளவில் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில், பெரியவர்களில் சுமார் 34 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. சர்க்கரை நோயாளிகளில் கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதம். அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பில் இரண்டுமே சுமார் 17 சதவீதத்துக்கு வந்தன. சில ஆண்டுகளில் இவ்வளவு உயர்வு எளிதல்ல. ஆனாலும் ஆறு பேரில் ஐந்து பேர் இன்னும் கட்டுக்கு வெளியேதான் இருக்கிறார்கள். மாத்திரை கிடைக்காதது காரணமாக இருந்தவரை வீடு தேடிப் போனது பலன் தந்தது. மாத்திரை வீட்டில் இருந்தும் எடுக்காதவருக்கு இன்னொரு அட்டை மாத்திரை எதையும் மாற்றப் போவதில்லை.

அந்த ஐந்து பேரில் ஒருவர் கும்மிடிப்பூண்டியில் ரீரோலிங் மில்லிலோ வார்ப்பாலையிலோ வேலை செய்யும் நாற்பத்தைந்து வயதுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். கான்ட்ராக்ட் வேலை, வாரத்துக்கு ஒரு ஷிப்ட், ஆர்டர் வந்தால் ஓ.டி. அவரிடம் இப்போது நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். “மாத்திரை ஒழுங்கா போடறீங்களாண்ணே?” “போடறேம்மா.” “பிரஷர் நூத்தி அறுபது காட்டுது. உப்பைக் குறைங்க. குடியை விட்டுடுங்க. பிள்ளைங்க முகத்தை நினைச்சுப் பாருங்கண்ணே.” “சரிம்மா.” பேச்சு முடிந்தது, பதிவேட்டில் ‘ஆலோசனை வழங்கப்பட்டது’ என்று ஒரு டிக் விழுந்தது. அந்தப் பெண் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை, அவருடைய அக்கறையும் பொய்யில்லை. ஆனால் உப்பும் குடியும் கெடுதல் என்பது அந்த மனிதருக்குத் தெரியாத செய்தியா? தெரிந்ததையே மறுபடி சொல்லும்போது கேட்பவருக்கு இரண்டு வழிதான் மிஞ்சுகிறது: சரி என்று தலையாட்டி அனுப்பிவிடுவது, அல்லது தன் தரப்பு நியாயத்தை எடுத்துச் சொல்வது. இரண்டாவது வழியில் போனால், ஏன் விட முடியாது என்பதைத் தன் வாயாலேயே ஒரு முறை உறுதிப்படுத்திக்கொள்கிறார். அறிவுரை அங்கே எதிர்விளைவையே உண்டாக்குகிறது.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் குடிநோயாளிகளோடு வேலை செய்தபோது கண்டுகொண்டது இதைத்தான். அதுவரை குடிநோய்ச் சிகிச்சை என்றாலே நோயாளியை மடக்கிக் கேள்வி கேட்டு, உண்மையை ஒப்புக்கொள்ள வைப்பது என்று இருந்தது. மடக்கும்போது எதிர்ப்பு கூடுகிறது, கேட்கும்போது குறைகிறது என்பதை வைத்து அவர் 1983இல் எழுதிய கட்டுரையிலிருந்து ‘மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்’ என்ற உரையாடல் முறை பிறந்தது. ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து 1991இல் அதைப் புத்தகமாக்கினார். அதன் அடிப்படை எளிது. மாற வேண்டும் என்ற எண்ணமும் மாற வேண்டாம் என்ற எண்ணமும் ஒரே மனிதருக்குள் ஒரே நேரத்தில் இருக்கின்றன. நாம் ஒரு பக்கம் நின்று வாதாடினால் அவர் மறுபக்கத்துக்குத் தள்ளப்படுகிறார். ஆகவே வாதாடாமல், மாற்றத்தின் பக்கம் உள்ள காரணத்தை அவர் வாயிலிருந்தே வரவழைக்க வேண்டும். “குடியைக் குறைக்கணும்னு பத்துக்கு எத்தனை தோணுதுண்ணே?” என்று கேட்டு, அவர் மூன்று என்றால், “ஏன் மூணுதானா?” என்று கேட்கக் கூடாது. “ஒண்ணுகூட இல்லாம மூணு சொன்னீங்களே, அது எதனால?” என்று கேட்க வேண்டும். முதல் கேள்வி குறைக்க முடியாததற்கான காரணங்களை வரவழைக்கும். இரண்டாவது, குறைக்க நினைத்ததற்கான காரணங்களை. சம்பள நாளில் மனைவியோடு வரும் சண்டையோ, போன மாதம் கிரேன் அடியில் தலை சுற்றியதோ அப்போதுதான் வெளியே வரும். மருத்துவர் சொல்லும் பக்கவாதத்தைவிட அந்தத் தலைச்சுற்றலுக்கு அவரிடம் மதிப்பு அதிகம்.

காரணம் கிடைத்துவிட்டால் மட்டும் பழக்கம் மாறிவிடாது. புத்தாண்டுச் சபதங்கள் பொங்கலைத் தாண்டாததற்குக் காரணம் விருப்பமின்மை அல்லவே. இங்கே உதவுவது உளவியலிலிருந்து வந்த இன்னொரு கருவி: எப்போது, எங்கே, என்ன நடந்தால், என்ன செய்வேன் என்று முன்கூட்டியே ஒரே வாக்கியத்தில் முடிவு செய்துகொள்வது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் இதை முறைப்படி ஆராய்ந்தார். 94 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2006ஆம் ஆண்டு மதிப்பீடு, வெறும் எண்ணம் மட்டும் இருப்பவரைவிட இப்படித் திட்டம் வகுத்தவர் அதிகம் சாதிக்கிறார் என்றது. ‘மாத்திரையை மறக்க மாட்டேன்’ என்பது எண்ணம். ‘நைட் ஷிப்ட் வாரத்தில் கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டை எடுத்ததும் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்துவிடுவேன்’ என்பது திட்டம். ‘குடிக்க மாட்டேன்’ என்பது எண்ணம். ‘சம்பளம் ஏறும் அன்று கவரைப்பேட்டை பக்கம் இறங்காமல் நேராக ரூமுக்குப் போய், ஊருக்குப் பணம் போட்ட பிறகே வெளியே வருவேன்’ என்பது திட்டம். இந்த வாக்கியங்களை வெளியிலிருந்து யாரும் எழுதித் தர முடியாது. எந்த நேரத்தில், எந்த முக்கில், எந்த நண்பனோடு கால் வழுக்குகிறது என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

இதற்கெல்லாம் நம் மண்ணில் ஆதாரம் உண்டா என்றால், சென்னையிலேயே உண்டு. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் சேர்க்கப்பட்டார்கள். மூன்றாண்டு முடிவில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவு, நடை பற்றித் தனித்தனியாகத் தொடர்ந்து ஆலோசனை பெற்றவர்களில் 39 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களின் நிலையும் கிட்டத்தட்ட அதே 40. அதாவது பேச்சு மாத்திரைக்கு நிகராக வேலை செய்தது. அந்த ஆலோசனைக் குழுவில் எடை குறிப்பிடும்படி குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எடை எந்திரத்தை மட்டும் பார்த்து ஒருவர் மாறவில்லை என்று முடிவு கட்டுபவர்களுக்கு அது ஒரு பாடம். அதே குழுவினரின் அடுத்த ஆய்வு நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். தென்கிழக்கு இந்தியாவின் தொழில் நிறுவனங்களில் வேலை செய்த 537 ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இரண்டு ஆண்டுகள் செல்போனில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். எல்லோருக்கும் ஒரே செய்தி அல்ல. மாறுவதைப் பற்றி நினைக்கவே தொடங்காதவருக்கு ஒன்று, முயன்றுகொண்டிருப்பவருக்கு வேறொன்று என்று, மனமாற்றத்தின் படிநிலைகளை ஒட்டிச் செய்திகள் அமைந்தன. செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்ததாக 2013இல் முடிவு வெளியானது.

குடி விஷயத்தில் ஆதாரம் கோவாவிலிருந்து வருகிறது. ‘சங்காத்’ என்ற தொண்டு நிறுவனம் அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, உடல்நலத்தைக் கெடுக்கும் அளவுக்குக் குடித்துவந்த 377 ஆண்களை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. மறு பிரிவுக்கு அதோடு, மில்லரின் உரையாடல் முறையையும் அறிவாற்றல்-நடத்தை சிகிச்சையின் சில கருவிகளையும் கலந்த ஆலோசனை, அதிகபட்சம் நான்கு அமர்வு. பேசியவர்கள் மருத்துவரும் அல்லர், உளவியல் பட்டதாரிகளும் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். மூன்று மாதத்தில் ஆலோசனைப் பிரிவில் 36 சதவீதம் பேரும் மறு பிரிவில் 26 சதவீதம் பேரும் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். ஓராண்டு கழித்து அது 54, 32 என்று இருந்தது. குடிப்பழக்க மீட்பில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை தொட்டுச் சென்னைக்கும் நீண்ட அனுபவம் உண்டு. ஆனால் மருத்துவமனைக்கு வந்து சேர்பவர் பெரும்பாலும் வேலையும் குடும்பமும் கைவிட்டுப்போன பிறகு வருகிறார். கோவா ஆய்வு எட்டியது, இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவரை. சிப்காட்டில் நாம் பார்க்கும் பெரும்பாலோர் அந்த வகைதான். முற்றிய நிலையில் கை நடுக்கத்தோடு இருப்பவரை அந்த ஆய்வு சேர்க்கவில்லை. திடீரென்று குடியை நிறுத்தினால் அவருக்கு வலிப்பே வரலாம், அவர் போக வேண்டியது மருத்துவமனைப் படுக்கைக்கு. தன்னார்வலர் முதலில் கற்க வேண்டியது இந்த எல்லைக்கோட்டைத்தான்.

எதிர்வாதங்கள் இருக்கின்றன, அவற்றில் சில வலுவானவை. முதலாவது, இவற்றின் பலன் சிறியது என்பது. உண்மை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1,007 பேரைக் கொண்டு, அக்கம்பக்கத்தவரே குழுவாகக் கூடி ஒருவரையொருவர் தாங்கும் முறையில் நடந்த கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில், இரண்டாண்டு முடிவில் குழுவில் இருந்தவர்களில் 14.9 சதவீதத்துக்கும் மற்றவர்களில் 17.1 சதவீதத்துக்கும் நோய் வந்தது. புள்ளியியல்படி அது வேறுபாடே அல்ல. குடிப்பதிலும் காய்கறி, பழம் உண்பதிலும் முன்னேற்றம் தெரிந்தாலும், முக்கிய இலக்கு தவறியது. இதிலிருந்து பேச்சே வீண் என்று முடிவுகட்டுவது அவசரம். எல்லோருக்கும் ஒரே அளவு உடுப்பு பொருந்தாது என்று எடுத்துக்கொள்வதே சரி: சென்னை ஆய்வுகளில் ஆலோசனை ஆளுக்கு ஏற்றபடி வளைந்தது, கேரளத்தில் அது பெரிதும் குழுவைச் சார்ந்திருந்தது. அதோடு, சிறிய பலன் என்பதை எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறோம்? ‘ஆலோசனை வழங்கப்பட்டது’ என்ற டிக்குக்கும் அந்தப் பெண்ணின் பத்து நிமிடம் செலவாகிறது. அதே பத்து நிமிடம் நூறு பேரில் ஐந்து பேரையாவது கூடுதலாகக் கட்டுக்குள் கொண்டுவந்தால், ஒரு மாவட்ட அளவில் அது எத்தனை டயாலிசிஸ், எத்தனை பக்கவாதம் என்று கணக்குப் போட்டால் போதும்.

இரண்டாவது எதிர்வாதத்தை அவ்வளவு சுலபமாகக் கடந்துவிட முடியாது, கடக்கவும் கூடாது. கும்மிடிப்பூண்டித் தொழிலாளியின் நோய் அவர் மனத்திலா இருக்கிறது? உலை வெப்பத்தில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர், எட்டுப் பேர் சுருண்டு படுக்கும் ரூமில் அரைத் தூக்கம் தூங்குபவர், நள்ளிரவில் பரோட்டா தவிர வேறு கிடைக்காதவர், உடம்பு வலிக்கு டாஸ்மாக்கை விட்டால் வேறு மருந்து அறியாதவர். அவரிடம் போய் மனத்தை மாற்றிக்கொள் என்பது, முதலாளியும் அரசும் செய்ய வேண்டியதை அவர் தலையில் கட்டுவது ஆகாதா? ஆகும், எச்சரிக்கை இல்லாவிட்டால் நிச்சயம் ஆகும். 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்க்கவே, மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்திருந்தால் அது தொழிலாளியின் தூக்கத்திலிருந்து பறித்திருக்கக்கூடியதை எந்த ஆலோசகரும் திருப்பித் தந்திருக்க முடியாது. ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தார்கள். நல்ல திட்டம், ஆனால் நாள் முழுக்க இரும்புக் கம்பி இழுத்துவிட்டு வருபவரிடம் அதைச் சொன்னால் அவர் சிரிக்காமல் இருப்பது அவருடைய பெருந்தன்மை.

ஆனால் இந்த எதிர்வாதம் அறிவுரைக்குப் பொருந்தும் அளவுக்குக் கேட்கும் முறைக்குப் பொருந்தாது. மேலே சொன்ன அதே மனிதரிடம் அதே பெண் வேறு மாதிரி கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்போம். “நைட் ஷிப்ட் வாரத்துல மாத்திரை எப்படிண்ணே போகுது?” “அந்த வாரம் போடறதில்லம்மா. போட்டா ஒண்ணுக்கு அடிக்கடி வருது. மெஷினை விட்டு நகர முடியாது, சூப்பர்வைசர் கத்துவாரு.” ஒரே பதிலில் இரண்டு விஷயம் வந்துவிட்டது. பிரஷர் மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகமாக்கும் வகை. மருத்துவரிடம் சொன்னால் நேரத்தையோ மாத்திரையையோ மாற்றித் தருவார். இன்னொன்று, கழிப்பறைக்குப் போக விடாத வேலைத்தளம். அதைத் தீர்க்க வேண்டியவர்கள் ஆலை நிர்வாகமும் தொழிற்சாலை ஆய்வாளரும். தண்ணீர் குடித்தால் போக வேண்டிவரும் என்று தண்ணீரையே குறைப்பவர்களுக்கு அந்த வெப்பத்தில் சிறுநீரகம் என்னவாகும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று பதிவேட்டில் இருந்தவர் இப்போது வேலைத்தளத்தைப் பற்றிய சாட்சியாகிவிட்டார். சூழ்நிலையே குற்றவாளி என்று நம்புபவர்களுக்கு, எந்த ஆலையில், எந்த ஷிப்டில், எந்தச் சூழ்நிலை என்று சொல்லக்கூடிய வேறு யாரும் இப்போது இல்லை. ஆகவே இத்திட்டத்தோடு ஒரு நிபந்தனை சேர வேண்டும்: ஆரம்ப சுகாதார நிலையம் இப்படிக் கேட்டறிந்த தடைகளை, பெயர் இல்லாமல், ஆலைவாரியாகத் தொகுத்து, தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கு அனுப்பியாக வேண்டும். அந்தப் பாதை இல்லாமல் ஆலோசனை மட்டும் நடந்தால், எதிர்வாதம் செய்பவர்கள் சொல்வதே சரி என்று ஆகிவிடும்.

பெயர் இல்லாமல் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆலைக்குள் கவுன்சலிங் என்றால் தொழிலாளிக்கு முதலில் வரும் கேள்வி, இது ஹெச்.ஆர். காதுக்குப் போகுமா என்பதுதான். குடிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டவருக்கு அடுத்த மாதம் கான்ட்ராக்டர் கேட் பாஸ் தரவில்லை என்றால், அதற்குப் பிறகு அந்த ஆலையில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 ரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாக வைத்திருக்கிறது. அதன் உணர்வு இங்கேயும் பொருந்தும். ரத்த அழுத்தம் பார்க்க ஆலை இடம் கொடுக்கலாம், நேரம் கொடுக்கலாம், அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்காமல் இருக்கலாம். பேசியதன் பதிவு மட்டும் சுகாதாரத் துறையைத் தாண்டக் கூடாது. தொழிலாளி அதிகம் உழைக்க வேண்டும் என்பதற்காக அவரைப் பேசவைக்கும் முறையாக இது திரிந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. மேலைநாட்டு நிறுவனங்கள் ‘வெல்னஸ்’ என்ற பெயரில் செய்யும் பலவும் அந்த ரகம். குறிக்கோளைத் தேர்ந்தெடுப்பவர் தொழிலாளியாக இருக்கும்வரைதான் இது சிகிச்சை. ‘இப்போதைக்கு ஹான்ஸ் புகையிலையை விட முடியாது, பிரஷர் மாத்திரையை மட்டும் பார்க்கிறேன்’ என்று அவர் சொன்னால், அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதையெல்லாம் யார் செய்வது? ஏற்கெனவே பையில் கருவியும் கையில் செல்போனும் பதிவேடுமாக நடக்கும் பெண்கள் மேலேயே இதையும் ஏற்றலாமா? ஊக்கத்தொகை என்று ஒரு சிறு தொகையைக் கையில் வைத்துவிட்டு, மருத்துவரின் வேலை, கணக்கரின் வேலை, இப்போது உளவியலாளரின் வேலை என்று அடுக்கிக்கொண்டே போவது நியாயமில்லை. கூடுதல் திறன் என்றால் கூடுதல் ஊதியம், அதற்குக் குறுக்குவழி கிடையாது. பயிற்சியிலும் குறுக்குவழி இல்லை. ஒருநாள் பட்டறை நடத்தி, ஒரு கையேட்டைக் கொடுத்து அனுப்பினால், பழைய அறிவுரையே புதிய கேள்விக்குறியோடு திரும்பி வரும். கோவாவில் ஆலோசகர்களின் பேச்சைச் சம்மதத்தோடு பதிவு செய்து, அவர்களே குழுவாக உட்கார்ந்து கேட்டு, எங்கே அவசரப்பட்டு அறிவுரைக்குத் தாவினோம் என்று ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். அந்த வாராந்தரக் கூட்டம்தான் முறையின் உயிர். மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர் நூறு தொழிலாளர்களை நேரில் பார்ப்பதைவிட, இப்படிப் பத்துத் தன்னார்வலர்களோடு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் உட்காருவது அதிகம் பயன் தரும். சேர்க்க வேண்டிய இந்த வேலைக்கு ஈடாக ஏதாவது ஒன்றைக் குறைக்கவும் வேண்டும். ஒரே தகவலை மூன்று இடத்தில் பதியும் வேலையிலிருந்து அதைத் தொடங்கலாம்.

மொழிதான் கும்மிடிப்பூண்டியில் மிஞ்சும் உண்மையான முடிச்சு. எளாவூர், ஆரம்பாக்கம் பக்கம் தெலுங்கு புழங்கும். தன்னார்வலர்களுக்கு அது பழக்கம். ஆனால் ஆலைகளுக்குள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். உடைந்த இந்தியில் ‘தவா லேதா ஹை?’ என்று கேட்டு ஆமாம் என்ற பதிலை வாங்கலாம், ஏன் என்ற பதிலை வாங்க முடியாது. கேட்பதையே கருவியாகக் கொண்ட ஒரு சிகிச்சைக்கு மொழி இல்லை என்றால் எதுவுமே இல்லை. மொழிபெயர்ப்பாளராக லேபர் கான்ட்ராக்டரின் ஆளை நிறுத்துவது மேலும் ஆபத்து; யாருக்குத் தெரியக் கூடாதோ அவருக்கே முதலில் தெரிந்துவிடும். கேரளத்தில் எர்ணாகுளம் பகுதியில் புலம்பெயர் தொழிலாளருக்காக ‘பந்து கிளினிக்’ என்ற நடமாடும் மருத்துவமனை, அவர்கள் தங்கியிருக்கும் இடத்துக்கே போகிறது. அதை இங்கே ஒரு படி முன்னெடுக்கலாம்: சில ஆண்டுகளாகக் குடும்பத்தோடு தங்கிவிட்ட ஒடியா, போஜ்புரி பேசும் ஆண்களையும் பெண்களையும் அதே ஊதியத்தில் தன்னார்வலர்களாக எடுத்து, அதே பயிற்சியைத் தருவது. கோவாவில் குடிப்பவர்களோடு பேசியவர்கள் உள்ளூர்க்காரர்கள் என்றோமே, சிப்காட்டில் உள்ளூர்க்காரர் என்பவர் ஒடிசாவின் பாலசோரிலிருந்து வந்தவராகவும் இருக்கலாம். சுய உதவிக் குழு உறுப்பினர் மட்டுமே தன்னார்வலர் ஆகலாம் என்ற விதி இதற்குக் குறுக்கே நின்றால், திருத்த வேண்டியது அந்த விதியைத்தான். அதற்குச் சட்டமன்றம்வரை போக வேண்டியதில்லை, சுகாதாரத் துறையின் ஓர் அரசாணை போதும்.